வாசல் பெஞ்சு

அக்டோபர் 2

அம்மாவுக்கு வாசல் பெஞ்சு செய்யப் பலகைகளைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த கொல்லைப் பூவரசு. தென்னை போச்சே என்று ஊரே இடிந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அப்பா இந்த ஒரு மரத்தை மட்டும் விறகுக்காரனிடம் கொடுக்கவில்லை. அறுத்து, இரண்டு முனையிலும் பச்சைப் பெயிண்ட் அடித்து மேலே ஏற்றிவிட்டார். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். இன்றைக்கு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றில்கூட வெடிப்பு இல்லை.

அக்டோபர் 4

முட்டி சிகிச்சையோடு அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவை அண்ணி அளந்து சொன்னார். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, செருப்போடு, 16½ அங்குலம்.

அக்டோபர் 5

பெஞ்சு உயரம் 18 அங்குலமா, 19 அங்குலமா? ராத்திரி முழுக்க இதே யோசனை.

உட்காரும்போது இடுப்பு, முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும் என்று பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் சொல்லியிருக்கிறார். தாழ உட்கார்ந்தால் எழும்போது பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். அதற்காக ரொம்ப ஏற்றினாலும் ஆகாது. பாதம் தரையில் பதியாமல் எப்படி உந்தி எழுவது? பலகை விளிம்பும் தொடையை அழுத்தும். அண்ணன் வீட்டுக் கட்டில் 20 அங்குலம், அதிலிருந்து தானாக எழுந்துவிடுகிறாள். சோபா 16. அதிலிருந்து எழ அண்ணி கைகொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ அம்மாவின் உயரம் இருக்கிறது.

அண்ணனுக்கு இதெல்லாம் புரியவில்லை. “ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டா முடிஞ்சுது” என்கிறான். அந்தச் சேரின் கைப்பிடியில் பாரம் போட்டு ஊன்றினால் வளையும். வளைகிற ஒன்றை நம்பி அம்மா எழக் கூடாது.

அக்டோபர் 8

இழைப்புளி ஓட ஓட உள்ளிருந்து கருஞ்சிவப்பு வருகிறது. ஓரத்து வெள்ளைக்கட்டையை ஆசாரி ஒட்டக் கழித்துவிட்டார். “பூச்சி அங்கதான் மொதல்ல ஏறும். வைரம் பாஞ்ச நடுக்கட்டையை மட்டும் வச்சுக்க தம்பி.” நாலடி நீளம் தேறியது. போதும். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் இடம் இருக்கும்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. உளி, கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ரம்பம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வேலை இல்லை.

அக்டோபர் 14

போனில் அம்மா. கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேனா என்று கேட்டாள். அப்புறம், “வந்த ஒடனே வாசக் கட்டையிலதான் தம்பி உக்காருவேன். இங்க ஜன்னலைப் பாத்தே பொழுது போவுது.”

அந்தக் கட்டை ஒரு அடி உயரம்கூட இருக்காது. நான் பெஞ்சைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 17

மழை. கரண்ட் இல்லை. பலகைகளைக் கூடத்துக்கு மாற்றி, இடையில் சின்னச் சின்னச் சட்டம் கொடுத்து அடுக்கினேன்.

அக்டோபர் 20

கால்களில் துளை போட்டு முடித்தோம். துளையில் நுழையும்படி சட்ட முனையில் செதுக்கிய கழுந்தை இறக்கி, கொட்டாப்புளியால் ஒரு தட்டு. இறுகப் பிடித்துக்கொண்டது. குறுக்கே மூங்கில் ஆணி. மூட்டுகளில் இரும்பே வேண்டாம் என்கிறார் ஆசாரி, ஈரத்தில் துரு ஏறி மரத்தைத் தின்னுமாம். உட்காரும் பலகைகளுக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசின் கனம்தான் இடைவெளி. மழைக்காலத்தில் பலகை ஊதியிருக்கும். சித்திரை வெயிலில் அகலவாக்கில் சுருங்கி, இடைவெளி தானாக விரியும்.

19 என்று வைத்துவிடலாமா?

அக்டோபர் 23

கைப்பிடி உட்காரும் பலகையின் முன்விளிம்பு வரை நீண்டு வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அழகுக்கு உள்ளே தள்ளி வைக்கலாம் என்றார் ஆசாரி. எழுகிறவர் முன்னால் சாய்ந்து, உடம்பை ஒட்டிக் கையை ஊன்றுவார். அந்த நேரத்தில் கைப்பிடி பின்னால் இருந்து என்ன பயன்? அவரையே உட்கார்ந்து எழச் சொன்னேன். இரண்டு முறை எழுந்தார். “சரி, நீ சொல்றபடியே வைப்போம்.”

அக்டோபர் 24

தூக்கம் வரவில்லை. முட்டி நன்றாக மடங்குகிறதா என்று அண்ணனிடம் கேட்டால் “பரவால்ல” என்கிறான். பரவாயில்லை என்றால் எவ்வளவு? மாடிப்படி ஏறுகிறாளா? ராத்திரி வலிக்கிறதா? ஒன்றும் சொல்வதில்லை.

அக்டோபர் 27

உயரப் பிரச்சினைக்கு ஆசாரி வழி சொன்னார். கால்களை இப்போதைக்கு 19½ அங்குலத்துக்கு விட்டுவைப்பது. நீளமாக இருந்தால் பிறகு அறுத்துக்கொள்ளலாம். குட்டையாகப் போனால் கட்டை கொடுத்து ஒட்டத்தான் வேண்டும், அது ஆடும். அம்மா உட்கார்ந்து, பாதம் பதிகிற இடம் பார்த்துக் கோடு போட வேண்டும். அடிக்காலில் கரையானுக்குப் பூச முந்திரிக்கொட்டை எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். அறுத்த பிறகுதான் பூச முடியும். வெறுங்கையில் பட்டால் கொப்புளம் போடும், அதனால் கையுறையும் வாங்கினேன்.

அக்டோபர் 30

உப்புத்தாள் தேய்த்தேன். முன்விளிம்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உறுத்தவில்லை.

நவம்பர் 2

அண்ணன் போன். நாளைக் காலை தஞ்சாவூரிலிருந்து கிளம்புகிறார்கள். வார்னிஷ் இரண்டாம் பூச்சு இன்னும் கையில் ஒட்டுகிறது. மின்விசிறியைப் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கிறேன். ரம்பத்தோடு பத்து மணிக்கெல்லாம் வந்துவிடச் சொல்லி ஆசாரிக்கும் போன் போட்டாயிற்று.