பெரியப்பா விட்டுச்சென்ற மேரி கார்ப்பென்டர் பெட்டிகள்

கோத்தகிரியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, ஆங்கிலேயச் சமூகச் சீர்திருத்தவாதி மேரி கார்ப்பென்டரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடிக்காமலே போய்விட்டார். அவர் சேர்த்த குறிப்புகள், கடிதங்கள், ஜெராக்ஸ் நகல்கள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு நூலகத்தில் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கார்ப்பென்டர் 1807-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1846-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். குற்றம் செய்த சிறுமிகளைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்துவதற்காக 1854-ல் ரெட் லாட்ஜ் பள்ளியைத் திறந்தார். 1866-ல் முதல்முறை இந்தியா வந்தபோது, பெண்கள் பள்ளிகளிலும் ஆண்களே பாடம் நடத்துவதைப் பார்த்தார். ஆசிரியைகளுக்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அரசாங்கத்திடம் வாதாடினார். பெரியப்பாவை இழுத்தது இந்த விஷயம்தான். தன் பள்ளிக்கு ஓர் ஆசிரியை வந்த பிறகுதான் பெண்பிள்ளைகள் பாதியில் நிற்காமல் படித்தார்கள் என்று அடிக்கடி சொல்வார்.

முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள்ளேயே காகிதம் நமுத்துப்போகும். பூஞ்சை பிடித்ததைத் தனியே எடுத்து, காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, முகக்கவசம் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டினேன். வெயிலில் காயவைக்கவே கூடாது, மை வெளுத்துவிடும். துருப்பிடித்த குண்டூசிகளைப் பிடுங்காமல், காகிதத்தை மெல்ல விலக்கிக் கழற்ற வேண்டும். உருகி ஒட்டிய ரப்பர் பேண்டுதான் அதிகம் படுத்தியது.

"வருஷ வாரியா அடுக்கிடு கண்ணு, பார்க்க லட்சணமா இருக்கும்" என்றார் பெரியம்மா. நான் சம்மதிக்கவில்லை. காரணம் ஒரு ஜெம் கிளிப். ராஜா ராம்மோகன் ராய் 1833-ல் பிரிஸ்டலில் காலமானது பற்றிய சீட்டும், கார்ப்பென்டரின் 1866 பயணம் பற்றிய சீட்டும் அதில் ஒன்றாக இருந்தன. ராய் அந்த ஊருக்கு வந்தபோது அவரைச் சந்தித்த இளம்பெண் கார்ப்பென்டர். இடையில் 33 ஆண்டுகள். இரண்டாவது சீட்டின் ஓரத்தில் பென்சிலில், "அன்றே விதை விழுந்ததா?" என்று பெரியப்பா எழுதியிருந்தார். வருடப்படி பிரித்திருந்தால் அந்தக் கேள்வி அநாதையாகியிருக்கும். அவர் எப்படி யோசித்தார் என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது. அதனால் எது எதோடு இருந்ததோ அப்படியே போட்டோ எடுத்து, எண் போட்டு, கிளிப்பைக் கழற்றி, இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன்.

அப்புறம் உரிமை விஷயம். பெரியப்பாவின் குறிப்புகளுக்கு வாரிசுகள் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களின் காகிதம்தான் நம்முடையது, பதிப்புரிமை எழுதியவருக்கே. வெளிநாட்டு ஆவணக்காப்பகங்கள் தந்த நகல்களையும் அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. இவற்றைத் தனிப் பட்டியலாக்கி, நூலகத்துக்கான ஒப்படைப்புக் கடிதத்தோடு இணைத்தேன். பாதியில் நின்ற கையெழுத்துப் பிரதி முதல் பெட்டியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம்.