இடம் போதாத அரசின் அமைச்சரவை

சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மை இல்லாத ஒரு கட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்கும்போது, ஆளுநரிடம் கொடுக்கப்படும் ஆதரவுக் கடிதங்களைவிட, பதவியேற்பு நாளில் வெளியாகும் அமைச்சர்கள் பட்டியலே அந்த ஆட்சி எப்படி நடக்கப்போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். யாரை உள்ளே அழைத்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள், எந்த இலாகாவை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பவற்றைக் கவனித்தால் போதும். தமிழ்நாட்டின் 1952ஆம் ஆண்டு அமைச்சரவையையும் 2006ஆம் ஆண்டு அமைச்சரவையையும் அருகருகே வைத்துப் படிக்கப் படிக்க, ஓர் அரசைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அமைச்சரவைக்குள் வந்து பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற என் கருத்து உறுதிப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மைக்கு 188 தேவை. முதல்வராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போயிருந்தார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களை வென்றிருந்தார்கள். அவர்களையும் வேறு கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு த. பிரகாசம் தலைமையில் ஓர் ஐக்கிய முன்னணி உருவாகி, ஆட்சி அமைக்கும் உரிமை தங்களுக்கே என்று கோரியது. அந்த நிலையில்தான் தேர்தலில் போட்டியே இடாத ராஜாஜியைக் காங்கிரஸ் தன் தலைவராக்கியது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கவும் அழைத்தார். இந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் சென்றார், மனு தள்ளுபடியானது. சட்டப்படி அது செல்லும் என்றாலும், மக்களிடம் வாக்குக் கேட்காத ஒருவர் மக்கள் பெரும்பான்மை தராத ஒரு கட்சிக்குத் தலைமை ஏற்று முதல்வரானதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஆனால் அமைச்சரவையை அவர் அமைத்த விதம் தனியாகப் பார்க்கத் தக்கது. வடதமிழ்நாட்டில் வன்னியர்களின் ஆதரவோடு இரண்டு கட்சிகள் அந்தத் தேர்தலில் வென்றிருந்தன. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்கள். ராஜாஜி மாணிக்கவேலு நாயக்கரை அமைச்சராக்கி, வருவாய்த் துறையை ஒப்படைத்தார். ஆறே உறுப்பினர்களைக் கொண்ட கட்சியின் தலைவருக்கு, நிலவரியும் பட்டாவும் அடங்கிய, கிராமத்தின் கடைக்கோடி வரை கை நீளும் துறை. இணங்கி வந்தவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவைக்கும் ஏற்பாடாக அதை நான் பார்க்கவில்லை. வேளாண் குடிகளின் வாக்கால் வென்றவரிடம் அந்தக் குடிகளை நேரடியாகத் தொடும் நிர்வாகம் போய்ச் சேர்ந்தது. படையாட்சியாரின் கட்சியோ அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்தே ஆதரவு தந்தது. 1952 ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தபோது அரசுக்கு ஆதரவாக 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன. 152 பேரோடு தொடங்கிய கட்சி மூன்றே மாதங்களில் இந்த எண்ணிக்கையை எட்டியதில் கொள்கை எவ்வளவு, பேரம் எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டு ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்ததால் சட்டமன்றமும் சுருங்கியது, அமைச்சரவையும் சுருங்கியது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்ன, எதிர்த்தவர்கள் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்த தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி பதவி விலக நேர்ந்தது. 1954 ஏப்ரலில் கட்சித் தலைமைக்கு நடந்த போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்று காமராசர் முதல்வரானார். அவர் அமைத்த அமைச்சரவையில், அவரையும் சேர்த்து, மொத்தம் எட்டே பேர். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியமும் அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலமும் அந்த எட்டுப் பேரில் இருந்தார்கள். மாணிக்கவேலு நாயக்கர் தொடர்ந்தார். அதுவரை வெளியே நின்ற படையாட்சியார் இப்போது உள்ளாட்சித் துறை அமைச்சரானார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறை கொடுக்கப்பட்டது. கோயில் நுழைவு பற்றிய விவாதத்தின் சூடு ஆறாத காலத்தில் அந்த இலாகாவை அவரிடம் கொடுத்தது துணிச்சலான முடிவு. எட்டுப் பெயர்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், ஒவ்வொருவரும் அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் தெரிகிறது. இலாகாப் பங்கீடு என்ற கலையில் இதைவிடச் சிக்கனமான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. காமன்வீல் கட்சியும் உழைப்பாளர் கட்சியும் காங்கிரசில் கரைந்தன. அந்தக் கரைப்பில் வடமாவட்ட மக்களின் தனிக்குரல் மங்கியது என்ற குறையும் உண்டு. பிற்காலத்தில் படையாட்சியார் தம் கட்சியை மீண்டும் உயிர்ப்பித்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிற கட்சிகளை இப்படிக் கரைத்துக்கொள்ளும் வழியில் இன்று எளிதாகப் போக முடியாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் தனித்தனியாகத் தாவுவதைத் தடுத்தது. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் பிற கட்சிகளை உடைத்து வந்தவர்களையெல்லாம் இருத்திக்கொள்வதற்காகக் கல்யாண் சிங் 93 பேர் கொண்ட அமைச்சரவையை அமைத்தபோது, அமைச்சர் பதவியே பெரும்பான்மைக்கான விலையாகிவிட்டது எல்லோருக்கும் தெரிந்தது. 2003இல் நிறைவேறிய 91ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அமைச்சர்களின் எண்ணிக்கையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. தாவித் தகுதி இழந்தவர் மீண்டும் தேர்வாகாமல் அமைச்சராக முடியாது என்றும் விதித்தது. 234 உறுப்பினர்கள் கொண்ட தமிழ்நாட்டில் உச்ச வரம்பு 35.

2006 மே மாதத் தேர்தலில் திமுக 96 இடங்களில் வென்றது. தேவையான 118க்கு 22 குறைவு. கூட்டணிக் கட்சிகளில் காங்கிரசுக்கு 34, பாமகவுக்கு 18, மார்க்சிஸ்டுகளுக்கு 9, இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கு 6. கூட்டணியாகத் தெளிவான பெரும்பான்மை இருந்தும், மே 13 அன்று கருணாநிதி தலைமையில் முதல்வருடன் சேர்த்துப் பதவியேற்ற 31 பேரும் திமுகவினர். வரம்புக்குள் இன்னும் நான்கு இடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் காங்கிரசுக்குப் போகவில்லை. ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்று ஜெயலலிதா ஐந்தாண்டுகளும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெயரைத் தவிர்க்க எளிய வழி ஆட்சியில் பங்கு கொடுப்பதுதான். தமிழகக் காங்கிரசார் அதை அவ்வப்போது கேட்கவும் செய்தார்கள். அவர்களுடைய டெல்லித் தலைமை வற்புறுத்தவில்லை.

வற்புறுத்தாததன் காரணம் டெல்லியில் இருந்தது. 2004இல் திமுகவின் 16 மக்களவை உறுப்பினர்கள் மன்மோகன் சிங் அரசுக்கு இன்றியமையாதவர்கள். அங்கே திமுக அமைச்சரவைக்கு உள்ளே. இங்கே காங்கிரஸ் அமைச்சரவைக்கு வெளியே. டெல்லியில் இலாகா எவ்வளவு முக்கியம் என்பதைத் திமுக நன்றாகவே அறிந்திருந்தது. 2004இல் பேசியபடி இலாகாக்கள் வரவில்லை என்று அதன் அமைச்சர்கள் பொறுப்பேற்பதையே தள்ளிவைத்தார்கள், பிறகு டி.ஆர். பாலுவுக்குக் கப்பல் துறையும் சேர்ந்தது. 2007 மே மாதம் தயாநிதி மாறன் பதவி விலகியபோது, அவருடைய தொலைத்தொடர்புத் துறை ஆ. ராசாவுக்குப் போனது. பிரதமர் தம் அமைச்சரவையில் செய்த மாற்றமாகவே அது பதிவாகியிருக்கிறது. யாரை நீக்குவது, யாரை அமர்த்துவது என்ற முடிவு சென்னையில் எடுக்கப்பட்டது. அரசியல் சட்டம் பிரதமருக்குத் தந்த அதிகாரத்தில் பெரிய பகுதி இப்படித்தான் கூட்டணிக் கட்சித் தலைவர்களின் கைக்கு நழுவுகிறது. ஒரு துறை தவறும்போது யாரிடம் கணக்குக் கேட்பது என்ற கேள்விக்கு அதன்பின் நேரான பதில் இருப்பதில்லை.

சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. அமைச்சர்கள் அனைவரும் ஒரே கட்சி என்பதால், மாற்றங்கள் எல்லாம் முதல்வரின் விருப்பப்படி நடந்தன. 2008இல் பூங்கோதை பதவி விலகினார். அடுத்த ஆண்டு தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சராகத் திரும்பினார். அதே 2008இல் என்.கே.கே.பி. ராஜா அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டார். 2009 மே 29 அன்று மு.க. ஸ்டாலின் துணை முதல்வரானார். தமிழ்நாட்டில் அந்தப் பதவி உருவானது அதுவே முதல் முறை. இவற்றில் எதற்கும் காங்கிரசின் ஒப்புதல் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. 2008இல் பாமக கூட்டணியிலிருந்து வெளியேற்றப்பட்டு, அதைத் தொடர்ந்து இடதுசாரிகளும் விலகியும், 96உம் 34உம் சேர்ந்து 118ஐத் தாண்டியதால் அரசு அசையவில்லை.

நிலையான ஆட்சி கிடைத்ததே, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவு அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்கிறது. ஓர் அரசைக் காப்பாற்றும் 34 பேர் அந்தக் கூட்டுப் பொறுப்புக்குள் வராதபோது, மின்வெட்டுக்கோ மணல் கொள்ளைக்கோ அவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது. ஆளுங்கட்சி வரிசையிலும் அவர்கள் இல்லை, எதிர்க்கட்சியாகவும் அவர்கள் பேசவில்லை. அவர்கள் கோப்பு எதையும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் கையைத் தூக்காவிட்டால் அந்தக் கோப்புகளில் கையெழுத்திட எவரும் இருந்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து ஆதரவு என்பதைத் தியாகம்போலப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதிகாரத்தின் பலனை வேறிடத்தில் பெற்றுக்கொண்டு அதன் பொறுப்பை இங்கே தவிர்ப்பதாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

2011 மார்ச்சில் தொகுதிப் பங்கீட்டில் காங்கிரஸ் 63 இடங்களைக் கேட்டது. திமுக மத்திய அமைச்சரவையிலிருந்தே விலகுவதாக அறிவித்து, சில நாட்களில் அந்த முடிவைக் கைவிட்டு, கேட்ட 63ஐயும் கொடுத்தது. தேர்தல் முடிவில் திமுக 23 இடங்களுக்கு இறங்கியது. ஐந்தாண்டுகளில் ஒரு நாள்கூடச் சென்னைக் கோட்டையில் அமைச்சராக இராத காங்கிரஸ், போட்டியிட்ட 63இல் 5 இடங்களையே வென்றது.