அட்சய திருதியையில் ஆதிநாதர் தரிசனம்: சேலத்தில் நிறைவேறிய அம்மாவின் வேண்டுதல்

சமணத்துக்கு வழிகாட்டிய 24 தீர்த்தங்கரர்களில் முதல்வரான ஆதிநாத பகவானுக்கு (ரிஷபர் என்பதும் இவரே) கோடி நமஸ்காரம். அம்மாவின் வேண்டுதல் இந்த அட்சய திருதியையில் நிறைவேறிவிட்டது.

வந்தவாசிப் பக்கத்து நயினார், அதாவது தமிழ்ச் சமணர் குடும்பம் எங்களுடையது. ஊர் ஜினாலயத்தில் ஒவ்வோர் அட்சய திருதியைக்கும் சுவாமிக்குக் கருப்பஞ்சாறு அபிஷேகம் அம்மாவின் உபயம். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதை விட்டதே இல்லை. போன ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து சேலத்தில் எங்களோடுதான் இருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து அசைய முடியாமல் கிடந்தபோது ஒருநாள், "எழுந்து நடந்தா, அட்சய திருதியைக்கு என் கால்லயே நடந்துபோயி ஆதிநாதர் எதிர்ல நிக்கணும்" என்றார்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நம்ம சாமிக்கு வேண்டுதல் ஏதும்மா? வேணும்னா தர்மதேவி அம்மன்கிட்ட வேண்டிக்கோ" என்று போனில் சொன்னார். தர்மதேவி எங்கள் காவல் தெய்வம். தீர்த்தங்கரரோ வீதராகர். விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. கேட்டதைக் கொடுப்பதும் இல்லை, கொடுக்காமல் தண்டிப்பதும் இல்லை. அம்மாவுக்கு இது தெரியாதா? "நான் அவர்கிட்ட இன்னா கேட்டேன்? நடக்கறதும் நடக்காததும் என் வினை. போயிப் பாக்கறேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன், அவ்ளோதான்" என்றார். எத்தனையோ உபந்யாசம் கேட்டிருக்கிறேன். வேண்டுதலுக்கும் விரதத்துக்கும் உள்ள உறவை இப்படி யாரும் எனக்குப் புரியவைத்ததில்லை.

சித்திரை வந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் வந்துவிட்டது. ஆனால் ஊர்வரைக்கும் காரில் உட்கார்ந்து போக டாக்டர் சம்மதிக்கவில்லை. அபிஷேகத்துக்குப் பணத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டோம். தரிசனத்துக்கு என்ன செய்வது? சேலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்து தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் குடும்பங்கள் கட்டிய சுவேதாம்பரக் கோயில் இருக்கிறது. சமணத்தின் இன்னொரு பிரிவு அது, நாங்கள் திகம்பரர். மூலவர் ஆதிநாதரேதான். அம்மா தயங்கினார். "அங்க சாமிக்குக் கண்ணு பதிச்சு வச்சிருப்பாங்களே" என்றார். பாதி மூடிய விழியோடு, மேலே ஒரு நூல்கூட இல்லாமல் தியானத்தில் இருக்கும் திகம்பரத் திருமேனியையே பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவர். கடைசியில் அவரே, "ரிஷபர் ஒருத்தர்தானே, போலாம்" என்றார்.

அன்றைக்குச் சேலத்தில் வெளியே கிளம்பியவர்களுக்குத் தெரியும், அந்தப் பாடு. விடிந்தும் விடியாததுமாக நகைக்கடைகள் திறந்துவிட்டன. ஐந்து ரோட்டிலிருந்து சொர்ணபுரி வரை வண்டி நகரவில்லை. கடைக்காரர்கள் ரோட்டிலேயே பந்தல் போட்டு, டோக்கன் கொடுத்து, மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த ஆட்டோக்காரர் பக்கத்து இடத்துக்கு நானூறு ரூபாய் கேட்டார். வாக்கரைப் பார்த்தும் மனம் இரங்கவில்லை. "இன்னைக்கு இதான் ரேட்டு, வேண்டாம்னா விடுங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி பேசினார். வேறு வழியில்லாமல் ஏறினோம். பாதி வழியில் நெரிசலைக் காட்டி இறக்கியும் விட்டுவிட்டார். சேலத்துச் சித்திரை வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று அடிக்கிறது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாள் பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டதுதான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாக்கரை ஓரடி நகர்த்துவார், "ணமோ" என்பார், மறு அடி எடுத்து வைப்பார்.

அந்தத் தங்கக் கூட்டத்தைப் பார்த்து எனக்கு வந்தது கோபமில்லை, வருத்தம்தான். இது எந்த நாள்! ரிஷபர் அரசைத் துறந்து முனிவராகிப் பிச்சைக்கு வந்தபோது, முனிவருக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் முனிவர் என்று ஒருவரை அவர்கள் கண்டதே இல்லையே. தங்கத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள், மணிகளை நீட்டினார்கள், யானையும் குதிரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள், பெண்ணைக்கூடக் கொடுக்க வந்தார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் எதையும் தொடாமல் நடந்துகொண்டே இருந்தார். ஓராண்டுக்கு மேல் அன்னமில்லை. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சனுக்கு முற்பிறவி நினைவு வந்து, முறை தெரிந்து, கைகளில் கருப்பஞ்சாறு வார்த்தான். அந்தத் திருதியை அல்லவா இது! பொன்னை ஏற்காமல் கரும்புச் சாற்றை ஏற்ற நாளில் பொன்னுக்காக இப்படி முட்டி மோதுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கோயில் வாசலில் பளிங்குப் படிகள். அம்மாவால் ஏற முடியாது. நாங்கள் திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்தார். மார்வாடிச் சேலைக்கட்டு, பேச்சோ அசல் சேலத்துத் தமிழ். "பின்னாடி வாங்கம்மா, அங்க படியே இல்லைங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நாங்கள் நயினார்கள் என்றதும் ஆச்சரியப்பட்டுப் போனார். "தமிழ்க்காரங்கள்லயும் ஜைனர் இருக்கீங்களாங்க!" அம்மா சிரித்தார். "நாங்க எப்பவும் இங்கதாம்மா இருக்கறோம்."

உண்மைதானே. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரி, அந்தக் காலத்துத் தகடூர். அங்கே 9ஆம் நூற்றாண்டிலேயே வணிகர்கள் சமணப் பள்ளி எழுப்பியதையும், நுளம்ப அரசன் காலத்தில் அதற்கு ஊர் தானமாகக் கொடுத்ததையும் கல்வெட்டு சொல்கிறது. அன்று கட்டியதும் வணிகர்கள்தான், இன்று இங்கே கட்டியிருப்பதும் வணிகர்கள்தான்.

உள்ளே போனபோது அபிஷேகம் முடிந்து, ஆங்கி என்னும் அலங்காரக் கவசம் சாத்துவதற்கு முன்னாலிருக்கும் நேரம். ஆபரணம் எதுவும் இல்லை. வெள்ளைப் பளிங்கில் பத்மாசனம், தோளில் புரளும் சடை, பீடத்தில் காளை. அம்மா அந்தச் சடையையும் காளையையும்தான் முதலில் பார்த்தார். கண்களைப் பார்க்காமல் சற்று நேரம் தலை குனிந்தே நின்றார். பிறகு நிமிர்ந்தார். பதித்த கண்கள் நேராக எங்களைப் பார்த்தன. அம்மா பஞ்ச மந்திரத்தைத் தொடங்கினார். "ணமோ அரஹந்தாணம்..." பக்கத்தில் அந்த அம்மாளும் தொடங்கினார். உச்சரிப்பில் இம்மி வித்தியாசம், ராகம் வேறு, மந்திரம் ஒன்றே. பத்திரபாகு முனிவர் காலத்துப் பஞ்சத்தில் முனிவர்களின் சங்கம் தெற்கே நடந்ததும், பின்னால் உடை விஷயத்திலும் நூல்கள் விஷயத்திலும் இரண்டு வழியாகப் பிரிந்ததும் எல்லாம் படித்ததுதான். ரிஷபர் முதல் கி.மு. 527இல் பாவாபுரியில் முக்தியடைந்தார் என்று நம் மரபு சொல்லும் மகாவீரர் வரை 24 பேரும் இரு தரப்புக்கும் ஒன்று. இந்த மந்திரமும் ஒன்று. இரண்டு கிழவிகள் சேர்ந்து சொல்வதைக் காதால் கேட்டபோது எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. அந்த அம்மாள் முந்தானையை மடித்து வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, குங்குமப்பூச் சந்தனக் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினார். "குளிச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க? வாங்கம்மா, சாமி கட்டை விரல்ல வைங்க." அம்மா பதறிப் பின்வாங்கினார். எங்கள் ஊரில் சுவாமியைத் தொடுவது பூசை செய்யும் உபாத்தியாயர் மட்டும்தான். எத்தனை வருஷ அபிஷேகம்! செம்பைக் கொடுத்துவிட்டு எட்ட நின்று கும்பிட்டதுதான் அம்மா. "எங்க வழக்கத்துல பொம்பளைங்க தொடறதில்லம்மா."

அந்த அம்மாள் வற்புறுத்தவில்லை, ஒரு கதை சொன்னார். ரிஷபருக்குப் பட்டாபிஷேகம் செய்ய மக்கள் தாமரை இலையில் தண்ணீர் மொண்டு வந்தார்களாம். அதற்குள் இந்திரன் அவரை அலங்கரித்து உட்கார வைத்துவிட்டான். அலங்காரத்தின்மேல் ஊற்ற மனமில்லாமல் கால் கட்டை விரலில் ஊற்றினார்களாம். "அதனாலதான் ஒன்பது அங்க பூஜையை விரல்ல ஆரம்பிக்கிறோம். கிரீடம் பெரியவங்களுக்கு, விரல் நமக்குங்க" என்றார்.

அம்மா வாக்கரை என்னிடம் தள்ளினார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, என் தோளைப் பிடித்து, மெல்லக் குனிந்தார். மோதிர விரலில் சந்தனம். வலது கால் கட்டை விரலில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பின்னால் வரிசை நின்றது, ஒருவரும் "நகருங்க" என்று சொல்லவில்லை. அம்மாவின் உடம்பு நடுங்கியது என் தோளில் தெரிந்தது. நிமிர்ந்தபோது, "குளுகுளுன்னு இருக்குதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

இதற்குமேல் வரிசையாக எழுத எனக்கு வரவில்லை. வர்ஷீதப நோன்பு இருந்தவர்கள் அதை முடிக்கும் பாரணை கூடத்தில் நடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசமாகப் பதின்மூன்று மாதம்! குஜராத்தின் பாலிதானாவுக்கும் அஸ்தினாபுரத்துக்கும் போக முடியாதவர்கள் இங்கேயே முடிக்கிறார்கள். சின்னச் சின்னக் குடங்களில் கருப்பஞ்சாறு. மெலிந்துபோன ஒரு பெண்ணின் கைகளில் அவள் அண்ணன் வார்த்தார், அவர் கைதான் நடுங்கியது. எங்களையும் உட்கார வைத்து அம்மாவுக்குக் கொடுத்தார்கள். முந்தின மாலையிலிருந்து காய்ந்த வயிற்றில் அந்த முதல் மடக்கு இறங்கியதும் அம்மா முகத்தைப் பார்த்தேன். பகவானே, எனக்கு வேறென்ன வேண்டும்!

அந்த அம்மாள் எங்களை வீட்டு வாசல்வரை தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை, அவருக்கு எங்கள் குடும்பத்தின் வந்தனம். சாயந்திரம் பெரியப்பா போன் செய்தார். ஊரில் அபிஷேகம் நன்றாக நடந்ததாம். விரல் விஷயத்தை அம்மாவே சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நல்லதும்மா, உனக்குக் கொடுத்து வச்சிருக்கு" என்றார் பெரியப்பா.

சேலத்தில் வேலைக்காக வந்து தங்கியிருக்கும் நம்மவர்கள் வயதானவர்களைத் தயங்காமல் கூட்டிப்போங்கள். காலை பூஜை நேரத்தில், ஆங்கி சாத்துவதற்கு முன் போய்விடுங்கள். நடக்க முடியாதவர்களைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போங்கள், அங்கே படி கிடையாது. பர்யூஷண நோன்பு நாட்களுக்கு வரச் சொல்லி எங்களை அழைத்திருக்கிறார்கள், அம்மா இப்போதே சரி என்று சொல்லிவிட்டார்.