முதலமடையில் ஒரு கண்ணாடிச் சண்டை

ஆட்டோக்காரரைப் பற்றி முதலில் கொட்டிவிடுகிறேன், அப்போதுதான் மனசு ஆறும். கேரள எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் இருந்து பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் நண்பரின் மாந்தோப்புக்கு 400 ரூபாய் கேட்டார். பொள்ளாச்சியில் இருந்து அதுவரை வந்த பஸ் டிக்கெட் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "வெயிட்டிங் தனிங்கண்ணா" என்று வேறு சொன்னார். பகல் கொள்ளை!

எப்படிப் போவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கருஞ்சிட்டு (Indian Robin) என்கிற சின்னப் பறவைகள் விடவில்லை.

தோப்பில் இறங்கிப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆண் சிட்டு ஆட்டோவின் பக்கக் கண்ணாடி மேல் பாய்ந்தது. பளபளக்கும் கறுப்பு உடம்பு, தோளில் வெள்ளைப் பட்டை, வாலடியில் செங்கல் நிறம். கண்ணாடிக்குள் இன்னொரு ஆணைப் பார்த்துவிட்டது போல. வாலை முதுகுப்பக்கம் நிமிர்த்தி, நெஞ்சை உப்பிக்கொண்டு கொத்து கொத்தென்று கொத்தியது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களுக்கு எல்லைச் சண்டைதான் முழுநேர வேலை. டிரைவர் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடினார். அந்த நேரத்தையும் வெயிட்டிங்கில் சேர்த்துவிட்டார் என்பது தனிக்கதை.

பெண் சிட்டுக்கு இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. சாம்பல் கலந்த பழுப்பு நிறம், தோளில் வெள்ளையும் இல்லை. மோட்டார் ரூம் சுவரில் பைப்புக்காக விட்ட ஓட்டைதான் வீடு. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னார்: "ஓட்டையில பாம்புச் சட்டை தொங்குச்சுங்க. பாம்பு பூந்துருச்சுன்னு ரெண்டு நாள் மோட்டாரே போடலீங்க." புல், வேர், முடியோடு பாம்புச் சட்டைத் துண்டையும் கூட்டில் வைப்பது கருஞ்சிட்டின் பழக்கம். உள்ளே மூன்று முட்டை இருந்ததாம். அடைகாப்பது பெண் மட்டும்தான், பத்துப் பன்னிரண்டு நாள். குஞ்சு பொரித்த பிறகுதான் ஆணும் பூச்சி பிடித்துக்கொண்டு வரும். நான் போனபோது அந்தக் கட்டம். இரண்டும் மாறி மாறி வாயில் புழுவோடு வந்துபோவதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை.

விடியற்காலையில் கரண்ட் கம்பியில் இருந்து குண்டுக்கரிச்சான் என்கிற பறவையின் கச்சேரி. அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் பாட்டில் கருஞ்சிட்டு பக்கத்தில்கூட நிற்க முடியாது. மார்ச் முதல் ஜூலை வரை கூடுகட்டும் காலம். ஆண் உச்சியில் உட்கார்ந்து பாட, மரப்பொந்தில் புல்லைச் சேர்ப்பது பெரும்பாலும் பெண்தான். இங்கேயும் அதே கதை, என்ன சொல்ல!

கடுப்பேற்றியது பக்கத்துத் தோப்புக்கு வந்த இரண்டு கேமராக்காரர்கள். மோட்டார் ரூமுக்கு மூன்றடியில் ஸ்டாண்டை நட்டு, பிளாஷ் வேறு. தாய் சிட்டு புழுவை வாயில் வைத்துக்கொண்டே வேலியில் தவித்தது. அக்காதான் சத்தம் போட்டு விரட்டினார். இருபதடி தள்ளி உட்கார்ந்தாலே எல்லாம் தெரிகிறது சாமி, பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

சரி, உருப்படியாக ஒன்றாவது சொல்கிறேன். முதலமடை ரயில் நிலையத்தைத் தவறவிடாதீர்கள். பிளாட்பாரம் முழுக்க ஆலமர நிழல், ஏப்ரல் வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கிறது. டீயும் பழம்பொரியும் (வாழைப்பழ பஜ்ஜி) வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். மதியச் சாப்பாட்டுக் காசு மிச்சம்.