வீட்டில் பிரஷர் பார்க்கிறவர்களுக்கு

மாரடைப்புக்கு வழிவிடும் காரணங்களில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாத ஒன்று உயர் ரத்த அழுத்தம். இதயத் தமனியின் உள்சுவர் அதனால் சேதமாகி, அங்கே கொழுப்பு படியத் தொடங்குகிறது. மெஷின் வாங்கியும் பலர் தப்பாகப் பார்ப்பதுதான் கவலை.

காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மெஷினின் பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே. கையை இதய மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். தொங்கவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் அப்படித்தான்.

காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், 1 நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, 7 நாள் குறியுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.