வாலைக் குமரியடி

டிசம்பர் 18, 2024
மார்கழி பிறந்து மூன்று நாள். விடியற்காலை கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. எட்டரை மணி பஸ்ஸில் பாரதியின் ‘சுட்டும் விழிச்சுடர்’. 2000-இல் ரஹ்மான் இசையில் ஹரிஹரன் பாடி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். இன்று உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி அடுத்த அடிகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்தவள், ஒரு சொல்லில் இடறினேன். “வாலைக் குமரியடி கண்ணம்மா, மருவக் காதல் கொண்டேன்.” காதலியைப் போய் ஏன் ‘வாலை’ என்கிறார்?

டிசம்பர் 19
அகராதியில் இளம்பெண் என்றும் இருக்கிறது, சக்தி என்றும் இருக்கிறது. சித்தர்களுக்கு வாலை, கன்னித் தெய்வம். கொங்கணர் அவளுக்கு ஒரு கும்மியே பாடியிருக்கிறார். பாரதிக்கு இது தெரியாமல் விழுந்த சொல்லாக இருக்காது. எப்படியும் பாட்டு இருப்பது ‘கண்ணன் பாட்டு’ நூலில்தானே! 1917-இல் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தில் கண்ணன் தோழன், தாய், தந்தை, சேவகன் என்று வேடம் மாற்றிக்கொண்டே வந்து கடைசியில் பெண்ணாகிவிடுகிறான். “நின்னைச் சரணடைந்தேன், கண்ணம்மா” என்பதும் அதே நூல்தான். அங்கே அவள் குலதெய்வம், இங்கே காதலி.

நம்மாழ்வார் கடவுளைக் காதலிக்கத் தாம் பராங்குச நாயகி என்ற பெண் ஆனார். பாரதி தாம் ஆணாகவே இருந்துகொண்டு கடவுளுக்குப் புடவை கட்டிவிட்டார். பட்டுக் கருநீலப் புடவை. அதில் பதித்த வைரம், நடுநிசி நட்சத்திரம். வானத்தையே உடுத்தியவளைப் பக்கத்துத் தெருப் பெண் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

டிசம்பர் 23
நேற்றெல்லாம் பெருமையாக இருந்தது. இன்று கடைசிப் பத்தியைப் படித்ததும் இறங்கிவிட்டது. “மூத்தவர் சம்மதியில் வதுவை முறைகள் பின்பு செய்வோம், காத்திருப்பேனோடி, இதுபார், கன்னத்து முத்தமொன்று!” வதுவை என்றால் கல்யாணம். அதைப் பின்பு செய்துகொள்ளலாம், முத்தம் இப்போதே என்கிறார். இதற்கு என்ன தத்துவம் சொல்வது? முத்தம் என்றால் ஞானம், கன்னம் என்றால் ஏதோ ஒரு சக்கரம் என்று பொழிப்புரை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. முத்தம் முத்தமாகவே இருக்கட்டும். அப்படியானால் வாலை?

ஜனவரி 2, 2025
அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு. பாட்டும் இல்லை, பாவையும் இல்லை.

ஜனவரி 11
கூடாரவல்லி. “மூட நெய் பெய்து முழங்கை வழிவார” என்று திருப்பாவை சொல்வதை அத்தை அப்படியே நம்புகிறவர். அக்காரவடிசிலில் நெய் மிதந்தது. சாப்பிட்டபடியே என் சிக்கலைச் சொன்னேன், முத்தம்தான் இடிக்கிறது என்று.

அத்தை சிரித்தார். “அசடே, ஆண்டாள் சங்கைப் பார்த்து என்ன கேட்டாள்?” என்று ஆரம்பித்து, கை கழுவாமலே சொன்னார்: “கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ, திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித்திருக்குமோ...” மாதவனின் வாய்ச்சுவையை வெட்கமில்லாமல் விசாரிக்கிற பாட்டு. என் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் பாராயணம் செய்கிறோம். யாரும் அதற்குத் தத்துவம் கேட்டதில்லை. யாரும் முகம் சுளித்ததும் இல்லை. நானும்தான் பத்து வயதில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன்.

விட மனமில்லாமல் புத்தகத்தை எடுத்துவந்து மிச்சத்தையும் வாசித்துக் காட்டினேன். “ஆத்திரங் கொண்டவர்க்கே சாத்திரம் உண்டோடி.” ஆத்திரம் என்றால் இங்கே கோபம் இல்லை, அவசரம். ஆண்டாளுக்கு அந்த அவசரம் கிடையாது. ‘வாரணம் ஆயிரம்’ முழுக்கப் பந்தல், மத்தளம், தீவலம், அம்மி மிதித்தல், பொரி என்று ஒரு சடங்கையும் விடாமல் கனவு காண்கிறாள். அவள் கேட்பது கற்பு, ஊரறிய மணந்த காதல்; இவர் கேட்பது களவு, மணத்துக்கு முந்திய மறைவான காதல். நம் இலக்கணத்தில் இரண்டும் ஒரே காதலின் இரண்டு படிகள். மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் நானூறு பாட்டிலும் இந்தப் படிகளில்தான் சிவனிடம் ஏறினார்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு விரலில் ஒட்டியிருந்த முந்திரியை வாயில் போட்டபடி கேட்டார்:

“பின்பு செய்வோம் என்கிறாரே, பின்பு என்றால் எந்த முகூர்த்தத்தில்?”