மாலையைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்

திருமணஞ்சேரிக்கு இது எனக்கு இரண்டாவது பயணம். முதல் தடவை அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை என் கணவரை நான் இழுத்துக்கொண்டு போனேன். கல்யாணமாகி 22 நாள். மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கும்போது என் கையில் ஒரு துணிப்பை, அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றிய காய்ந்த மாலை. "கைக்குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றியே" என்று சிரித்தார். இரண்டு வருஷமாக அம்மா அதை அப்படித்தான் பூஜை அலமாரியில் வைத்திருந்தாள்.

கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருமணஞ்சேரியில், கல்யாணக் கோலத்தில் இருக்கும் சிவனான கல்யாணசுந்தரருக்கு மாலை சாத்தி அர்ச்சனை செய்வார்கள். வரிசையாக உட்கார வைப்பார்கள். முடிந்ததும் ஒரு மாலை நம் கழுத்துக்கு வரும். அதோடு ஓர் எலுமிச்சம்பழம். மறுநாள் காலை குளித்துவிட்டு அதன் சாற்றைக் குடிக்க வேண்டும், உப்போ சர்க்கரையோ போடக் கூடாது. மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் தம்பதியாகப் போய்க் கோயிலில் சேர்க்க வேண்டும்.

அம்மா என்னை அந்த வரிசையில் உட்கார வைத்தது 'நல்ல இடம்' அமைய வேண்டும் என்று. எங்கள் வீட்டு அகராதியில் அப்போது நல்ல இடம் என்றால் அவரைத் தவிர வேறு எந்த இடமும். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே சந்நிதி, ஒரே தட்டு, ஒரே ரசீது. வேண்டுதல் மட்டும் ரெண்டு.

இந்தத் தடவை நேரே திருமணஞ்சேரிக்குப் போகாமல், சுவாமி கல்யாணம் நடந்த வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தோம். அந்த வட்டாரத்தில் கல்யாணக் கதையை ஊர் ஊராகப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். கயிலாயத்தில் சொக்கட்டான் ஆட்டத்தில் வந்த சண்டையில் அம்பாள் பசுவாகிப் பூமிக்கு வர, பெருமாள் மாடு மேய்ப்பவராகக் கூடவே காவலுக்கு வந்தது தேரழுந்தூர். பசு உருவம் நீங்கி இறைவனைச் சேர்ந்தது திருவாவடுதுறை. பிறகு அம்பாள் பரத முனிவரின் மகளாக வளர்ந்தது குத்தாலம். தங்கைக்காகக் காவல் நின்ற பெருமாளைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் அண்ணன்தான் ஞாபகம் வந்தான். வீட்டில் முதலில் எங்கள் பக்கம் சாய்ந்தது அவன். பெருமாள் அளவுக்குப் பொறுமை கிடையாது, அப்பாவிடம் கத்திவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான்.

குத்தாலம் கோயில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சுவாமி பெயர் சொன்னவாறறிவார். இறைவன் நேரில் வந்து அம்பாளின் கையைப் பிடித்தாராம். அம்பாளோ, என்னை வளர்த்தவரிடம் முறைப்படி வந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். சரி என்று ஒப்புக்கொண்டு, நந்தியைப் பெண் கேட்க அனுப்பி, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதனால் வந்த பெயர். இந்தக் கதையை அவர் அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. காரணம் உண்டு. ஒரு கட்டத்தில், ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது, அப்பா சம்மதிக்கும்வரை காத்திருக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். மூன்று வருஷம் ஆனது. "சிவனே காத்திருக்காரு, நான் எம்மாத்திரம்" என்றார் கடைசியில்.

இறைவன் வரும்போது நிழல் கொடுத்துக்கொண்டு வந்ததாம் உத்தால மரம். அதையும் தம் பாதுகைகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனாராம். இன்றும் மரத்தடியில் பாதுகைகளைத் தரிசிக்கலாம். அதைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தன்று சித்தி பிள்ளைகள் மாப்பிள்ளையின் புதுச் செருப்பை ஒளித்து வைத்தார்கள். ஒளித்த இடம் அவர்களுக்கே மறந்துபோய், அவர் மண்டபத்திலிருந்து வெறுங்காலோடு காரில் ஏறினார். அந்தச் செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

காவிரியைத் தாண்டினால் வேள்விக்குடி, எதிர்கொள்பாடி, திருமணஞ்சேரி. காவிரியின் வடகரையில் தேவாரப் பாடல் பெற்ற சிவத் தலங்களின் வரிசையில் 23, 24, 25 என்று அடுத்தடுத்து வருகின்றன. கல்யாண வேள்வி நடந்த ஊர் வேள்விக்குடி. பகலில் துருத்தியில், அதாவது குத்தாலத்தில், இருப்பவர் இரவில் வேள்விக்குடியில் இருக்கிறார் என்று சம்பந்தர் இரண்டு ஊருக்கும் சேர்த்தே பாடியிருக்கிறார். பகல் ஓர் இடம், ராத்திரி ஓர் இடம். எங்கள் காதலும் அப்படி ஓடியதுதான். சென்னையில் ஒரே ஆபீஸ். எனக்குப் பகல் ஷிஃப்ட், அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். நான் கிளம்பும்போது அவர் வருவார். வேலையைக் கைமாற்றிவிடும் அந்தக் கால் மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. எந்த டிக்கெட் நிலுவையில் இருக்கிறது, எந்த சர்வர் படுத்துகிறது என்றுதான் ஆரம்பித்தோம். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஷிஃப்ட் குறிப்பேட்டின் கடைசி வரியில் 'மாத்திரை போட்டாயிற்றா?' என்று எழுதி வைத்திருந்தார். அதை மேனேஜரும் படித்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எதிர்கொள்பாடியில் கூட்டமே இல்லை. இந்த ஊருக்கு மேலைத் திருமணஞ்சேரி என்றும் பெயர். ஐராவதேஸ்வரர் சந்நிதியில் நாங்களும் அர்ச்சகரும் மட்டும். பரத முனிவர் மாப்பிள்ளையாக வந்த இறைவனை எதிர்கொண்டு அழைத்த இடம் இது. எங்கள் மாப்பிள்ளை அழைப்பு அன்று அப்பா வாசலுக்கு வருவாரா என்று எனக்குக் கடைசிவரை பயம்தான். நம்ம ஜனம் இல்லை என்று சொல்லி, மூன்று வருஷமாக அவர் பெயரைக்கூட உச்சரிக்காதவர். 'அந்தப் பையன்' என்பார், அதுவும் அம்மாவிடம். மேளச் சத்தம் கேட்டதும் நான் மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா முன்னே போனார். தோளில் துண்டைச் சரி செய்துகொண்டார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். குரல் மாடிவரை கேட்டது.

திருமணஞ்சேரியில் வழக்கம்போல நல்ல கூட்டம். உத்வாகநாதரையும் கோகிலாம்பாளையும் தரிசித்துவிட்டு, கல்யாணசுந்தரர் சந்நிதியில் நின்றோம். உற்சவர் அம்பாளின் கையைப் பிடித்திருக்கிறார். அம்பாள் வெட்கத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறாள். போன தடவை என் கண்ணில் பட்டது அவர்கள் கழுத்து மாலைதான், எனக்கு வேண்டியிருந்தது அது. இந்தத் தடவை கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாரை வார்க்கும்போது அப்பா என் கையை அவர் கையில் வைத்தார். வைத்தவர் விடவில்லை. அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். மூன்று கைகளுக்கு மேல் வழிந்து என் முழங்கைவரை ஓடி, பட்டுப் புடவை நனைந்தது. ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டார். அப்பாவின் பெருவிரல் இன்னும் என் மணிக்கட்டில்தான் இருந்தது. "விட்டுடுங்கோ, ஆயிடுத்து" என்றார் ஐயர். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் விட்டார். தாலி கட்டியதெல்லாம் எனக்குக் கெட்டி மேளச் சத்தமாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

அர்ச்சனை முடிந்து மாலையை ஒப்படைக்கும்போது துணியைப் பிரித்தேன். பூ எல்லாம் பழுப்பேறி உதிர்ந்து, பாதிக்கு மேல் நார்தான் மிச்சம். அவர் கீழே சிந்திய இதழ்களைக்கூடக் குனிந்து பொறுக்கிச் சேர்த்தார். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சேர்த்துட்டியா?"

"சேர்த்துட்டேன். ஆனா ஒண்ணு, சாமி நீ கேட்டதைக் குடுக்கலையேம்மா."

"நான் என்ன கேட்டேன்னு உனக்குத் தெரியுமாக்கும்" என்றாள் அம்மா. மேலே கேட்பதற்குள், அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

புதிதாக வந்தவர்களை மறுபடி வரிசையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. இரண்டு பேர் உதடும் அசைந்துகொண்டிருந்தன.